திருத்திய பதிப்பும் திருத்தக் கூடாத ஒலியும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "சார், சங்க இலக்கியம் பத்தி ஏற்கெனவே நாலு வந்தாச்சு, நீங்க வேற ஏதாவது எழுதுங்களேன்" என்றார். முப்பது வருஷமாக, சம்பளத்தில் வீட்டுக்காரிக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பங்கை ஸ்பீக்கரிலும் டிஸ்க்கிலும் கொட்டியவன் நான். அதனால் வீட்டுத் திரையரங்கில் கேட்கும் படங்களின் ஒலியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த இரண்டாவது பத்தியிலேயே உ.வே.சா. வந்து நின்றுவிட்டார். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

1887இல் சீவக சிந்தாமணியை ஐயர் பதிப்பித்தார். கைக்குக் கிடைத்த ஒரு சுவடியை அப்படியே அச்சேற்றிவிடவில்லை. பல ஊர்ச் சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். ஏடு எழுதினவர் கைப்பிழை எது, உண்மையான பாடபேதம் எது என்று பிரித்தார். இந்தப் பிரிவினைதான் பதிப்புக் கலையின் உயிர். சினிமா டிஸ்க் வாங்குகிறவனுக்கும் இதே வேலை இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் இருக்கிறது.

கைப்பிழை

முதலில் கைப்பிழை. 2002 டிசம்பரில் 'பேக் டு த ஃப்யூச்சர்' மூன்று பாகங்களும் ஒரே பெட்டியில் டிவிடியாக வந்தன. அகலத்திரைப் பதிப்பில் இரண்டாம், மூன்றாம் பாகங்களின் சில காட்சிகளில் சட்டம் இடம் மாறி விழுந்திருந்தது. தெரிய வேண்டியது வெட்டுப்பட்டு, தேவையில்லாதது தெரிந்தது. பிறகு திருத்திய டிஸ்க்குகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டி அதேதான். டிஸ்க்கின் மேல் பொடி எழுத்தில் 'வி2' என்று இருந்தால் அது திருத்திய அச்சு. அமெரிக்காவிலிருந்து மருமான் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்ததும் நான் படம் பார்க்கவில்லை, பூதக்கண்ணாடியைத்தான் தேடினேன். 'வி2' இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், ஏட்டின் ஓரத்தில் எழுதினவன் பெயரைக் கண்டவனுக்கு வருகிற சந்தோஷம்.

ஒலிக்கும் இப்படி நடந்தது. 2010 மே மாதம் 'சேவிங் பிரைவேட் ரயன்' ப்ளூ-ரேயாக வந்தபோது பேச்சும் உதடும் ஒட்டாமல் போயின. விற்பனைக்குப் போனவற்றைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுத்தார்கள். சிறந்த ஒலிக்கும் ஒலி விளைவுக்கும் ஆஸ்கர் வாங்கிய படத்துக்கே இந்தக் கதி!

அடையாளம் கண்டுபிடிக்க வழி என்ன? மேற்புறத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். டிஸ்க்கைத் திருப்பி, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரே படத்தின் வேறு வேறு அச்சுக்களுக்கு இது பெரும்பாலும் மாறும். அட்டையை மட்டும் நம்பாதீர்கள். பழைய அட்டைக்குள் புது டிஸ்க்கும், புது அட்டைக்குள் பழைய டிஸ்க்கும் இருக்கலாம். கடைசி நீதிபதி கண்ணும் காதும்தான்.

காது என்னும் சாட்சி

ஆனால் அந்த நீதிபதியும் லஞ்சம் வாங்குவார். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு நண்பர் குடும்பங்கள். 'கிளாடியேட்டர்' டிவிடியில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டு ஒலித்தடங்களும் உண்டு. முதல் யுத்தக் காட்சியை இரண்டிலும் போட்டுக் காட்டி, "டிடிஎஸ்ஸைக் கேளுங்கோ, அம்பு காதுக்குப் பக்கத்துல போறது பாருங்கோ" என்று பிரசங்கம் செய்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எஞ்சினியரிங் படிக்கும் ஒரு பையன் மட்டும், "அங்கிள், ரெண்டும் ஒரே அளவுல இல்லையே, ஒண்ணு சத்தமா இருக்கே" என்றான்.

அவன் சொன்னது சரி. டால்பி டிஜிட்டல் தடத்துக்குள் வசனத்தின் சராசரி அளவைச் சொல்லும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. அது -27 என்று இருந்தால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே மொத்த ஒலியையும் 4 டெசிபல் குறைத்துவிடும். டிடிஎஸ் தடத்தில் பொதுவாக அந்தக் குறைப்பு நடப்பதில்லை. ஆகவே டிடிஎஸ் சத்தமாகக் கேட்கும். சத்தமாகக் கேட்பது நன்றாகக் கேட்பதாகத் தோன்றும். டிவிடியில் டால்பிக்கு அதிகபட்சம் விநாடிக்கு 448 கிலோபிட், டிடிஎஸ்ஸுக்கு 754 அல்லது 1509 என்ற கணக்கையும் சேர்த்துச் சொன்னால், கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடலாம்!

பையன் ஒலிமானி வைத்து இரண்டையும் சமன் செய்தான். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னான். பத்து தடவை மாற்றி மாற்றிப் போட்டான். ஐந்து தடவை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அந்த மௌனம் இன்னும் கேட்கிறது.

அவளுக்கோ வேறு விதமான காது. லண்டனிலிருந்து பெண் அனுப்பிய ஒரு பாட்டுப் படத்தைப் போட்டதும், அடுக்களையிலிருந்தே, "என்ன, சுருதி ஏறியிருக்கே?" என்றாள். ஐரோப்பிய பி.ஏ.எல். முறை டிஸ்க் அது. விநாடிக்கு 24 சட்டம் ஓட வேண்டிய படத்தை அந்த முறையில் 25 ஆக ஓட்டுகிறார்கள். 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்தில் முடிந்துவிடும். சுருதியைத் தனியாகச் சரிசெய்யாமல் விட்டால் முக்கால்வாசி அரைக்கட்டை ஏறிவிடும். எந்த விமர்சனத்திலும் நான் படிக்காததை ஒரு தம்பூரா சொல்லிக்கொடுத்திருந்தது.

ஆக, ஒப்பிடுவதற்கு விதிகள் இரண்டே. அளவைச் சமன் செய்யுங்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள்.

பாடபேதம்

இனி உண்மையான பாடபேதத்துக்கு வருகிறேன். இதுதான் என் வழக்கு.

1975இல் வந்த 'ஜாஸ்' படம் மோனோ ஒலியில் வந்தது. அந்த மோனோவுக்குத்தான் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர். 2000இல் டிவிடி வந்தபோது புதிதாக 5.1 ஆக்கினார்கள், சில சத்தங்களை மாற்றவும் சேர்க்கவும் செய்தார்கள். மோனோவை விட்டுவிட்டார்கள். பரிசு வாங்கிய மூலப்பாடம் இல்லாத பதிப்பு! 2005 டிவிடியில்தான் அது திரும்பி வந்தது. 2012 ப்ளூ-ரேயிலும் இருக்கிறது.

முதல் காட்சியை மோனோவில் கேட்டுப் பாருங்கள். ராத்திரிக் கடல், நீந்தும் பெண், மிதவை மணி, அலறல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தப்பிக்கத் திசை இல்லை. பிறகு அமைதி. 5.1இல் தண்ணீர் நம்மைச் சுற்றிவருகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பயம் அறை முழுக்கப் பரவி நீர்த்துப்போகிறது. மோனோவில் அது திரைக்குள் குவிந்து நம்மையே பார்க்கிறது. என் ஓட்டு மோனோவுக்கு.

எதிர்வாதமும் உண்டு. 1958இல் வந்த 'வெர்டிகோ'வை 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் மீட்டார்கள். ஹெர்மனின் இசையை ஸ்டீரியோவாகக் கொடுக்க முடிந்தது. ஆனால் காலடிச் சத்தம் முதலானவற்றைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இசை மலர்ந்தது, காலடி அந்நியமாயிற்று. சிதைந்த ஏட்டை நிரப்புவது பதிப்பாசிரியர் கடமையா, அத்துமீறலா? கடமைதான் என்பேன், ஒரு நிபந்தனையோடு: பழைய பாடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐயர் அடிக்குறிப்பில் பிரதிபேதம் கொடுத்தாரே, அந்த நேர்மை வேண்டும்.

நம் வீட்டு விஷயம்

நம் பழைய தமிழ்ப் படங்களில் மிகப் பெரும்பாலானவை மோனோ. அவற்றுக்கு '5.1' என்று அட்டையில் போட்டு வந்த டிவிடிகளை நாம் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். பலவற்றில் ஒரே ஒலியை ஐந்து பக்கமும் எதிரொலியோடு தெளித்திருந்தார்கள். வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. 'டிஜிட்டல்' என்ற சொல்லுக்கு மயங்கி, மூலம் எங்கே என்று நாம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று டிஸ்க் கடைகள் அருகிவிட்டன. படம் இணையத்தில் ஓடுகிறது. பிழையிருந்தால் ஒரே ராத்திரியில் மாற்றிவிட முடிகிறது, நல்லதுதான். ஆனால் நல்லதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் நமக்குத் தெரியாது. அங்கே 'வி2' இல்லை, கண்ணாடி வளையம் இல்லை, ஒப்புநோக்கப் பழைய ஏடும் இல்லை.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பேரன் பேத்திகளில் பலர் தமிழை முதலில் எழுத்தில் படிப்பதில்லை, படத்தில் கேட்கிறார்கள். சிவாஜியின் மூச்சு எங்கே நின்று எங்கே தொடங்குகிறது என்பது அவர்களுக்கு இலக்கணப் பாடம். அதைச் சிதைந்த பிரதியிலிருந்து படிக்க வைக்கலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு அலமாரி சுத்தம் செய்யும்போது பழைய டிஸ்க்குகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒரு நோட்டில் படத்தின் பெயர், வந்த வருஷம், வளையத்து எண், மோனோவா 5.1ஆ என்று குறித்துவையுங்கள். சங்க நூலகத்தில் ஒரு தட்டு கொடுத்தால் என்னுடையதை முதலில் கொண்டுவந்து வைக்கிறேன். ஒலிமானி அந்தப் பையனிடம் இருக்கிறது.