ஓடுபாதையும் கையொப்பமும்

2013 மார்ச் 18 அன்று இலங்கையின் தெற்கில் மத்தள ராஜபக்ஷ சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 3,500 மீட்டர் ஓடுபாதை, ஏ380 போன்ற பெரு விமானமும் இறங்கக்கூடிய வசதி, ஆண்டுக்கு 10 இலட்சம் பயணிகளைக் கையாளும் முனையம். செலவு ஏறக்குறைய 209 மில்லியன் டொலர்; அதில் 190 மில்லியன் சீன எக்ஸிம் வங்கியின் கடன். இரண்டே ஆண்டுகளில், ஆட்சி மாறியதும், தேசிய விமான நிறுவனமே அங்கிருந்து சேவையை விலக்கிக்கொண்டது. பிறகு விமான நிலையக் கட்டடங்களில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் மத்தளவை ஓர் அரசியல் குடும்பத்தின் ஆடம்பரம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் கேள்விக்கு உட்படாமலே தப்பித்துவிடுகிறது. ஓடுபாதை போட்டால் விமானம் வரும், ஹேங்கர் கட்டினால் பழுதுபார்க்க விமானங்கள் வரிசையில் நிற்கும் என்ற அந்த எண்ணம் கட்சி பேதமில்லாமல் எல்லா ஆட்சியிலும் தலைகாட்டுகிறது. இலங்கைக்கு வெளியேயும் அதைக் காணலாம். விமானத் துறையில் ஒரு சிறு நாடு பணம் போடுவதைக் குறைசொல்ல முடியாது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசையில்தான் கோளாறு. கண்டிப்பான ஒழுங்காற்று அமைப்பும் உரிமம் பெற்ற கைகளும் முன்னால் வரவேண்டும். கொங்கிரீட் அவற்றுக்குப் பின்னால்தான்.

முதலில் இந்த முதலீட்டின் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பார்த்துவிடலாம். தீவு நாட்டுக்குத் தரைவழி எல்லை கிடையாது. சுற்றுலாப் பயணி, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர், அவசர மருந்து, விரைவில் கெட்டுவிடும் மீனும் மரக்கறியும் எல்லாமே ஏறக்குறைய ஒரே வாசலை நம்பியிருக்கின்றன. கொழும்பை அடுத்த முதன்மை விமான நிலையமான கட்டுநாயக்கவில் இருப்பது ஒற்றை ஓடுபாதை. 2017 ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அதைப் புதுப்பித்தபோது பகலில் எட்டு மணி நேரம் விமான நிலையமே மூடப்பட்டது. 2022இல் எரிபொருள் தீர்ந்தபோது, கொழும்பிலிருந்து புறப்பட்ட நெடுந்தூர விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மோசமான வானிலையிலோ விபத்திலோ அந்த ஒரு பாதை அடைபட்டால் நாடே தீவாகிவிடும். எனவே மாற்று ஓடுபாதை வேண்டும் என்ற வாதத்தை ஊதாரித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அது ஒருவகைக் காப்புறுதி. கேட்கவேண்டிய கேள்வி அந்தக் காப்புறுதிக்கு எவ்வளவு கட்டணம் கட்டலாம் என்பதே. அவசரத்துக்கு இறங்க ஒரு பாதையும் தீயணைப்பு வசதியும் வழிகாட்டிக் கருவிகளும் போதும். 10 இலட்சம் பேருக்கான முனையம் அந்தக் கட்டணத்தில் சேராது.

அந்த 2017ஆம் ஆண்டுப் புதுப்பிப்பே மத்தளவின் கணக்கைச் சோதிக்கும் பரீட்சையாகவும் அமைந்தது. முதன்மை விமான நிலையம் பகல் முழுக்க மூடியிருக்கிறது. புத்தம்புது மாற்று நிலையம் திறந்தே கிடக்கிறது. விமான நிறுவனங்கள் என்ன செய்தன? பெரும்பாலானவை தங்கள் நேர அட்டவணையை மாற்றிக்கொண்டு, நெரிசலைப் பொறுத்துக்கொண்டு, இரவில் கட்டுநாயக்கவுக்கே வந்தன. காரணம் சிக்கலானதல்ல. விமான நிறுவனம் தேடுவது பயணியையும் இணைப்பு விமானத்தையும் சரக்கையும்தான். இவை மூன்றும் மேல் மாகாணத்தில் இருந்தன. கொழும்பிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மத்தளவைத் தெற்கு அதிவேக வீதி 2020இல்தான் எட்டியது. காட்டை அடுத்திருந்ததால் பறவை மோதலும் வனவிலங்கு நடமாட்டமும் வேறு. நேபாளத்தின் பொக்கராவும் இதே பாடத்தைத் தருகிறது. சீனக் கடனில் கட்டப்பட்டு 2023 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சர்வதேச விமான நிலையம், உள்நாட்டுப் பயணிகளைக்கொண்டுதான் தொடக்க ஆண்டுகளை ஓட்டியது. இரண்டு நாடுகளிலும் தேவை பற்றிய மதிப்பீடு திட்டத்துக்கு முன்னால் வரவில்லை. எடுத்துவிட்ட முடிவுக்கு நியாயம் சொல்லப் பின்னால் வந்தது.

இங்கே உடனே எழும் மறுப்பு சிங்கப்பூர். சாங்கியும் துணிந்து கட்டியதுதானே, அன்று கணக்குப் பார்த்துத் தயங்கியிருந்தால் இன்றைய சாங்கி உண்டா என்று கேட்பார்கள். வரலாற்றைப் பார்த்தால் இந்த உதாரணம் எதிர்த்திசையில் சாட்சி சொல்கிறது. 1955இல் திறந்த பாய லேபார் விமான நிலையம் 1970இல் 17 இலட்சம் பயணிகளையும் 1975இல் 40 இலட்சம் பயணிகளையும் கையாண்டது. சுற்றிலும் குடியிருப்புகள் நெருங்கி, விரிவாக்க இடமின்றி மூச்சுத் திணறிய பிறகுதான், 1975இல், கடலோரத்தைத் தூர்த்துச் சாங்கியில் கட்டுவது என்று அரசு முடிவெடுத்தது. 1981 ஜூலையில் முதல் விமானம் இறங்கியபோது அதற்கான பயணிகள் ஏற்கெனவே இருந்தார்கள். பழைய நிலையத்திலிருந்து இடம் மாறினார்கள், அவ்வளவுதான். சாங்கியின் துணிச்சல் அதன் அளவில் இருந்தது. தேவையைக் கற்பனை செய்வதில் இல்லை. அந்த அளவுகோலில் இன்று இலங்கையில் பணம் போட வேண்டிய இடம் கட்டுநாயக்கதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பேருக்காக அமைத்த முனையம் 2018 வாக்கில் ஒரு கோடிப் பேரைத் தாங்கியது. ஜப்பானியக் கடனில் தொடங்கிய இரண்டாம் முனையமோ 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதும் பாதியில் நின்றது. தேவை இல்லாத இடத்தில் கட்டி முடித்தோம். தேவை இருந்த இடத்தில் கட்டிமுடிக்க முடியாமல் நின்றோம்.

விமானப் பராமரிப்புத் தொழிலுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. பயணி தன் ஊருக்கு அருகில்தான் இறங்க விரும்புவார். பழுதுபார்க்க வேண்டிய விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தரமும் விலையும் நேரமும் ஒத்துவந்தால் வெறுமையாகவே பறந்து வந்து நிற்கும். ஆகவே உள்நாட்டுச் சந்தை சிறியது என்ற குறை இங்கே பெரிய தடையல்ல. 5 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் மால்டாவில் ஜெர்மனியின் லுஃப்தான்சா டெக்னிக் 2000களின் தொடக்கத்திலிருந்து பராமரிப்பு நிலையம் நடத்துகிறது; அங்குள்ள அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி அதற்கு ஆள் தருகிறது. சிங்கப்பூரில் விமானப்படை விமானங்களைப் பேண 1975இல் தொடங்கிய அரசு நிறுவனம் இன்று எஸ்டி எஞ்சினியரிங் என்ற பெயரில் உலகின் மிகப்பெரிய விமான உடற்பகுதிப் பராமரிப்பாளர்களில் ஒன்று. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் பொறியியல் பிரிவு தனி நிறுவனமாகி, ரோல்ஸ் ராய்ஸ், பிராட் அண்ட் விட்னி ஆகியவற்றோடு எஞ்சின் பட்டறைகளைக் கூட்டாக அமைத்தது. இந்த இரண்டு இடத்திலும் கட்டடத்தோடு அல்லது அதற்கு முன்னதாகவே வேலையும் வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தத் தொழில் உண்மையில் எதை விற்கிறது என்பது ஒரு ‘சி செக்’ வேலையை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானம் ஹேங்கருக்குள் வருகிறது. இருக்கைகள் கழற்றப்படுகின்றன, தரைப் பலகைகள் பெயர்க்கப்படுகின்றன, சமையலறைக்கும் கழிப்பறைக்கும் அடியில் ஈரம் தேங்கி உலோகம் அரித்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கிறார்கள். எஞ்சினுக்குள் மெல்லிய கமெராக் குழாயை விட்டு ஒவ்வொரு தகடாகச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. செய்தவர் கையெழுத்திட வேண்டும், முக்கியமானவற்றை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய குழி உண்டு. மாலையில் ஒரு குழி காலியாக இருந்தால் அது கிடைக்கும்வரை விமானம் வெளியே போகாது. கடைசியில் உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் இந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று ஒப்பமிடுகிறார். அந்த உரிமத்துக்குப் படிப்பும் பணி அனுபவமுமாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்கு மேல் ஒவ்வொரு விமான ரகத்துக்கும் தனிப் பயிற்சி. வாடிக்கையாளர் விலை கொடுப்பது அந்த ஒப்பத்துக்கும், அது சொன்ன நாளில் கிடைக்கும் என்ற உறுதிக்கும்தான். ஹேங்கரை இரண்டு ஆண்டில் எழுப்பிவிடலாம். அந்தக் கையை உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும்.

அந்த ஒப்பத்தின் மதிப்பு தனிமனிதரின் திறமையோடு நின்றுவிடுவதில்லை. உரிமம் தந்த அமைப்பை உலகம் நம்புகிறதா என்பதும் அதில் அடங்கும். நேபாளத்தில் பதிவான எல்லா விமான நிறுவனங்களையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தடைசெய்தது. அங்கே விமானிகளுக்குத் திறமை இல்லை என்பதல்ல பொருள். மேற்பார்வை செய்யும் அமைப்பின் மீது நம்பிக்கை இல்லை. புதிய விமான நிலையங்கள் திறந்தும் அந்தத் தடை விலகவில்லை. இலங்கையின் நிலை இந்த விடயத்தில் மேலானது. 2002இல் தனிச் சட்டத்தின் மூலம் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அமைந்தது. தேசிய விமான நிறுவனமான ஸ்ரீலங்கனின் பொறியியல் பிரிவு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் பராமரிப்பு அங்கீகாரத்தையும் பெற்றிருக்கிறது. மத்தளவின் ஓடுபாதையைவிட விலைமதிப்புள்ள சொத்து இது. ஆனால் இதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை, கல்வெட்டில் பெயர் பொறிப்பதில்லை. பார்த்துக் கைதட்டக்கூடியதற்கே நிதி ஒதுக்கும் பழக்கம்தான் சிறு நாடுகளின் விமான வளர்ச்சியில் உள்ள ஆழமான குறை.

அதற்காகப் பராமரிப்புத் தொழிலைச் சர்வரோக நிவாரணியாகக் காட்டுவதும் நேர்மையாகாது. இத்தொழிலில் பெரும்பணம் எஞ்சினில் இருக்கிறது. எஞ்சின் வேலையோ தயாரிப்பாளர்களின் பிடியில் இருக்கிறது. பறந்த மணிக்கணக்குக்குக் கட்டணம் என்ற நீண்டகால ஒப்பந்தத்தின் மூலம், எந்தப் பட்டறைக்கு எஞ்சின் போகும் என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். சிறு நாட்டுக்கு எளிதில் கிடைப்பது ஆள்பலம் அதிகமாகவும் இலாபம் குறைவாகவும் உள்ள உடற்பகுதி வேலை. அதிலும் உதிரிப்பாகம் சுங்கத்தில் ஒரு வாரம் கிடந்தால் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். டொலர் தட்டுப்பாடு வந்தால் பாகமே வராது. இலங்கையில் இந்தப் பிரிவு கடனில் மூழ்கிய தேசிய விமான நிறுவனத்தின் வயிற்றுக்குள் இருப்பது இன்னொரு சுமை. நிறுவனத்தை விற்க எடுத்த முயற்சி கைகூடவில்லை. எஞ்சின் கிடைக்காமல் அதன் சொந்த விமானங்களே தரையில் நின்ற காலமும் உண்டு. தாய் நிறுவனத்தின் நட்டத்தை அடைக்க மகளின் வருமானம் போனால், பயிற்சிக்கும் கருவிக்கும் மிஞ்சுவது என்ன? சிங்கப்பூர் பொறியியல் பிரிவைத் தனியாக்கியதன் விவேகம் இங்கேதான் தெரிகிறது.

இன்னும் கனமான மறுப்புகள் இரண்டு. முதலாவது இந்தியா. இந்திய நிறுவனங்கள் நெடுங்காலம் பெரிய பராமரிப்புக்காகத் தங்கள் விமானங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்தன. 2023இல் மட்டும் எயார் இந்தியா 470, இண்டிகோ 500 புதிய விமானங்களுக்கு ஒப்பந்தம் அறிவித்தன. வேலை பக்கத்து வாசலில் குவியப்போகிறது என்பது உண்மை. ஆனால் இந்தியாவும் 2020இல் பராமரிப்புச் சேவை வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்து, அந்த வேலையைத் தன் மண்ணிலேயே நிறுத்தப் பார்க்கிறது. ஆகவே இலங்கையால் அளவில் போட்டியிட முடியாது. வேகத்திலும் ஒழுங்கிலும் மட்டுமே இடமுண்டு, அதுவும் குறுகிய காலத்துக்கு. இரண்டாவது மறுப்பு, பயிற்றுவித்தவர்கள் வளைகுடாவுக்குப் போய்விடுவார்கள் என்பது. 2022க்குப் பிறகு நடந்தது அதுவே. இதற்கு முழுமையான பதில் யாரிடமும் இல்லை. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டொலரில் உழைக்கும் தொழில், அதில் ஒரு பங்கைச் சம்பளமாகத் தர முடியும். அரசுச் சம்பளப் படிக்கட்டில் பொறியியலாளரை நிறுத்திவைத்தால் முடியாது. போகிறவர் கொஞ்சம் டொலராவது அனுப்புவார், சிலர் அனுபவத்தோடு திரும்புவார்கள். காலியான முனையம் எதையும் அனுப்புவதில்லை.

பிராந்திய நீதி என்ற வாதமும் உண்டு: தலைநகருக்கு மட்டும் எல்லாம் ஏன்? இது நியாயமான கேள்வி. இதற்கு நல்ல விடை யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருக்கிறது. 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபோது இருந்தது 1,400 மீட்டர் ஓடுபாதையும் எளிய முனையமும்தான். எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட ஏடிஆர் விமானத்துக்கு அது போதும். பெருந்தொற்றில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சேர்ந்தது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் வழி திறந்தது. உறவும் வணிகமும் மருத்துவமும் இழுக்கிற பயணிகள் இருந்தார்கள், அவர்களுக்கு ஏற்ற அளவில் பாதை இருந்தது, ஒவ்வொரு அடியாக வளர்கிறது. ஓடுபாதையை நீட்டவேண்டிய நாள் வரலாம். அப்போதும் அந்தப் பக்கத்து நிலங்கள் போரில் இடம்பெயர்ந்து மீளக் காத்திருப்பவர்களுடையவை என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் நீட்ட வேண்டும்.

மத்தளவில் பராமரிப்பு மையம் அமைத்தால் அந்த முதலீடு மீண்டுவிடும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. பழைய தவறு புது உடுப்பில் வருவதைத்தான் இதில் காண்கிறேன். பொறியியலாளரும் உதிரிப்பாகக் களஞ்சியமும் அன்றாடம் வேலை தரும் விமானங்களும் கட்டுநாயக்கவைச் சுற்றி இருக்கும்போது, வெற்று ஹேங்கர் அவர்களை 200 கிலோமீட்டர் இழுத்துச் செல்லாது. மத்தளவை மாற்று ஓடுபாதையாகவும் விமானத் தரிப்பிடமாகவும் குறைந்த செலவில் வைத்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த ரூபாய் ஒழுங்காற்று அதிகாரசபையின் பரிசோதகருக்கும், பயிற்சிக் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கும், தனிக் கணக்கோடு இயங்கும் பராமரிப்பு நிறுவனத்துக்கும், பாதியில் நின்ற கட்டுநாயக்க முனையத்துக்கும் அந்த வரிசையில் போகட்டும். இனி எந்த அமைச்சர் புதிய விமானத் திட்டத்தோடு வந்தாலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். இங்கே வருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட விமான நிறுவனம் எது? இங்கே ஒப்பமிடப்போகும் பொறியியலாளர்கள் இப்போது எத்தனை பேர்? இரண்டுக்கும் விடை இல்லாத திட்டத்துக்குக் கடன் வாங்க நாடாளுமன்றம் கை தூக்கக்கூடாது.