ஜோவின் உலையும் ராத்தாவின் அடுப்பும்

பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் ஒரு செவ்விலக்கியத்தைக் கொடுப்பதென்றால் நாம் பெரும்பாலும் சுருக்கப் பதிப்பையே தேடுகிறோம். மொழி கடினம், பக்கங்கள் அதிகம், பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று காரணம் சொல்கிறோம். அண்மையில் என் ராத்தாவின் மகளோடு சேர்ந்து சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை முழுமையாக வாசித்தேன். இக்காரணங்களில் பொறுமையின்மை பிள்ளையுடையதல்ல, எங்களுடையது என்பது அப்போதுதான் புரிந்தது.

1860 டிசெம்பர் முதல் 1861 ஓகஸ்ட் வரை டிக்கன்ஸ் நடத்திய வாரச் சஞ்சிகையில் தொடராக வெளிவந்த நாவல் இது. கதைசொல்லி பிப், தாய் தகப்பனைக் கண்டறியாத அநாதை. இருபது வயதுக்கு மேல் மூத்த அக்காவும் அவளது கணவனான கொல்லன் ஜோவும் அவனை வளர்க்கிறார்கள். சிறு வயதில், தப்பியோடிவந்த கைதி மெக்விச்சுக்கு உணவும் அரமும் திருடிக் கொடுக்கிறான். பின்னர், பெயர் தெரியாத ஒருவரின் பணத்தில் லண்டனில் கனவானாகிறான். அது சீமாட்டி ஹவிஷாமின் பணமென நம்பியிருந்தவனுக்கு, அந்தக் கைதியின் பணமே அது என்பது 23 வயதில் தெரியவருகிறது.

பாடசாலை நாட்களில் நான் வாசித்த சுருக்கப் பதிப்பில் இவையெல்லாம் இருந்தன. இரண்டு இடங்கள்தான் இருக்கவில்லை.

ஒன்று, 7ஆம் அத்தியாயம். குடிகாரத் தகப்பனிடம் தாயோடு சேர்ந்து அடிவாங்கி வளர்ந்த தன் கதையை ஜோ பிப்புக்குச் சொல்கிறான். பிப்பின் அக்காவை மணமுடிக்கக் கேட்டபோதே, அந்தக் குழந்தையையும் அழைத்துவரச் சொன்னவன் அவன். இரத்த உறவற்ற ஒரு பிள்ளையைத் தானாகவே விரும்பி ஏற்றுக்கொண்டவன் என்பது அங்கேதான் தெரிகிறது.

மற்றையது, 27ஆம் அத்தியாயம். ஜோ லண்டனுக்கு வருகிறான். பணம் கொடுத்தாவது அவன் வருகையைத் தடுக்க முடியுமா என்றிருக்கிறது பிப்புக்கு. ஜோ வைத்த தொப்பி திரும்பத் திரும்பக் கீழே விழுகிறது. வளர்த்த பிள்ளையையே 'சேர்' என்று அழைக்கிறான். தனக்குரிய இடம் உலைக்களம்தான் என்று சொல்லி, மனக்கசப்பின்றி விடைபெறுகிறான்.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் எங்கள் கிழக்குக் கரையில், மச்சானின் நிழலில் வளர்ந்த தம்பிமார் பலர். நானும் ஒருவன். கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில், சாரத்தோடு என்னைத் தேடிவந்த மச்சானை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தாமல் விட்ட ஒரு நாள் எனக்கும் உண்டு. அந்த அத்தியாயத்தை வாசிக்கையில் என் குரல் கம்மியது.

மருமகள் கலங்கவில்லை. "ஜோ நல்ல மனிசன்தான் மாமா. ஆனா பிப்புக்குச் சோறாக்கிக் குடுத்தது ஆரு? அவன்ட ராத்தாதானே?" என்று கேட்டாள்.

முதல் அத்தியாயத்தைத் திரும்பப் புரட்டினோம். பெற்றோரின் கல்லறையருகே ஐந்து சிறு கற்கள், இறந்துபோன ஐந்து சகோதரர்களுக்கானவை. தாய், தகப்பன், ஐந்து தம்பிமார் என எல்லோரையும் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கையில் எஞ்சியது ஒரு கைக்குழந்தை. டிக்கன்ஸோ அவளது மேலங்கியையும் பிரம்பையும் நகைப்புக்குரியதாக்குகிறார். ஓர்லிக் என்ற வேலையாள் தாக்கியதில் அவள் பேச்சிழக்கிறாள். அவள் கணவனையும் தம்பியையும் அடித்தவள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஜோவுக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்தது, அவளுக்கு இருக்கவில்லை. விரும்பி ஏற்ற உறவைக் கொண்டாடும் நாவல், விருப்பம் கேட்கப்படாமலே சுமந்தவளைப் பரிகசிக்கிறது. இது இந்நாவலின் குறை என்றே நான் கருதுகிறேன்.

டிக்கன்ஸ் இதை முற்றாக அறியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. 35ஆம் அத்தியாயத்தில், மரணத் தறுவாயில் அவள் ஜோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் பெயரையும், மன்னிப்பையும், தம்பியின் பெயரையும் உச்சரித்ததாக அறிகிறோம். ஆனால் அது இன்னொருத்தி சொல்லக் கேட்கும் செய்தியாகச் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. மாறாக, மரண தண்டனை பெறும் மெக்விச்சின் கையை நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிப் பற்றியிருக்கிறான். நோயில் விழுந்த பிப்பை ஜோ பராமரித்து, அவனது கடனையும் அடைத்து, சொல்லாமலே ஊர் திரும்புகிறான். வளர்த்தவர்களை ஏற்றுக்கொள்ளப் பிப் கற்றுக்கொள்ளும் இப்பக்கங்கள் உலக இலக்கியத்தின் மிகச் சிறந்த பக்கங்களில் அடங்கும். அக்காவுக்கு அப்படியொரு பக்கம் கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு முழு நூலையே கொடுப்போம். பக்கத்தில் இருந்து வாசிப்போம். அவர்கள் எங்கள் ரசனையை ஒப்புவிக்க வேண்டியதில்லை. எங்கள் உம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்ததும் ராத்தாதான். இத்தனை வருடங்களாக இந்நாவலைப் பற்றிப் பேசிவந்த எனக்கு, அவளது மகள் கேட்கும் வரை அந்தக் கேள்வி எழவேயில்லை.