ஆளில்லா நிலப்படங்கள்: பேராக்கின் கைவிடப்பட்ட நிலங்களைப் பாலைத்திணை வழி வாசித்தல்

முன்னுரை

பேராக் மாநிலத்தில் பாலைவனம் இல்லை. ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. எனினும், கிந்தாப் பள்ளத்தாக்கிற்குப் பயணம் மேற்கொள்வோர் எடுத்துவரும் நிழற்படங்களுள் பல, பாலைவனப் படங்களின் சாயலையே கொண்டுள்ளன. ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற வெண்மணல் மேடுகள், அசைவற்ற குட்டைகள், கூரை இழந்த தோட்ட லயங்கள், பத்து காஜாவிற்கு அருகே முற்றுப்பெறாது நிற்கும் கெல்லி மாளிகை ஆகியவை இவற்றில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. இப்படங்களுள் பெரும்பாலானவற்றில் மனிதர் இல்லை. மனிதர் இல்லாமையே இவற்றின் அழகாகவும் கருதப்படுகிறது.

இத்தகைய படங்களை எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அதற்கு விடை காண, தமிழ்ப் பொருளிலக்கண மரபு பாலைத்திணைக்கு வழங்கிய விளக்கம் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேலைநாட்டு நிழற்பட வரலாற்றிலிருந்து சில சான்றுகளும் ஒப்புநோக்கிற்காகச் சேர்க்கப்பட்டுள்ளன.

பாலை: நிலமா, நிலையா?

தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலமும் தெய்வமும் வகுத்துரைக்கின்றது. பாலைக்கு அவ்வாறு தனி நிலம் வகுக்கவில்லை. அதனை நடுவுநிலைத் திணை எனக் குறித்து, நண்பகலையும் வேனிலையும் அதற்குரிய பொழுதுகளாக்குகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கூறும் மாங்காட்டு மறையோன் இக்கருத்தை மேலும் விளக்குகிறான். முல்லையும் குறிஞ்சியும் கதிரவனின் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் துயர் விளைவிக்கும்போது பாலை எனும் வடிவத்தை அடைகின்றன என்பது அவன் கூற்றின் சாரம்.

இவ்விளக்கத்திலிருந்து இரண்டு கருத்துகளைப் பெறலாம். முதலாவதாக, பாலை என்பது ஒரு நிலம் அடையும் நிலை. அதற்கு முன்பு அங்கு வேறொரு நிலம் இருந்தது. ஆகவே, பாலையைக் காண்பவர் எதிலிருந்து இது திரிந்தது என்று கேட்கக் கடமைப்பட்டவர். இரண்டாவதாக, தமிழ் மரபில் பாலை ஆளற்ற வெளியன்று. அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைக்கு உரியவை. அவற்றில் பொருள்தேடிச் செல்பவன், ஊரில் தங்கியவள், உடன்போன மகளை நினைந்து வருந்தும் தாய், வழிப்பறி செய்யும் எயினர், உப்பு வணிகர் ஆகியோர் நிறைந்துள்ளனர். பிறதிணைகளை விடப் பாலையே மிகுதியாகப் பாடப்பட்டது என்பது, வறண்ட நிலத்தைக் கண்ட புலவர்கள் அங்கு யார் நடந்தார்கள் என்பதையே முதலில் எண்ணினர் என்பதைக் காட்டுகிறது.

திரிந்த நிலத்தின் வரலாறு

கிந்தாப் பள்ளத்தாக்கின் மணல் எங்கிருந்து வந்தது? பாறையோடும் களிமண்ணோடும் கலந்து கிடந்த ஈயத்தைப் பிரிக்க, நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தனர். அக்குழம்பை மேலேற்றி, சாய்ந்த மரத்தொட்டிகளில் ஓடவிட்டனர். கனமான ஈயம் தடுப்புகளில் தங்கியது. மணல் ஒருபுறம் குவிந்தது; நுண்சேறு மற்றொரு புறம் குட்டைகளில் படிந்தது. மேல்மண்ணும் சத்தும் நீங்கிய அம்மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. வெயிலில் விரைவில் கொதிக்கிறது. மழைநாட்டின் நடுவே பாலை தோன்றிய முறை இதுவே. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கியது. அதன் எடை ஏறத்தாழ 4,500 டன். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலைத் தாங்கு ஏற்பாடு முறிந்ததும் ஈயவிலை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

தோட்டங்களின் கதை வேறு, முடிவு ஒத்தது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளோடு பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் காடுகள் தோட்டங்களாயின. நாட்டு விடுதலையை ஒட்டி ஐரோப்பிய உடைமையாளர்கள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டாடப்பட்டன. அதனை எதிர்கொள்ளவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் ரப்பர் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புக்கும் இடம் கொடுத்தது. லயத்து மக்கள் நகர்ப்புற ஓரங்களுக்குப் பெயர்ந்தனர்.

எனவே, பயணியின் படச்சட்டத்துள் வெறுமையாகத் தோன்றும் நிலம் இயற்கையாக வெறுமையடைந்ததன்று. சந்தை, சட்டம், உடைமை மாற்றம் ஆகியவற்றால் அது வெறுமையாக்கப்பட்டது. மேலை நிழற்படக் கலை இவ்வுணர்வை அடைய நெடுங்காலம் ஆயிற்று. 1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், மனிதனால் மாற்றப்பட்ட நிலப்பரப்பு என்னும் கருப்பொருளில் நடைபெற்ற கண்காட்சியே இதில் ஒரு திருப்புமுனை எனலாம். 1979இல் தொடங்கிய ரிச்சர்ட் மிஸ்ராக்கின் பாலைவனப் படத்தொடர், நெவாடாவின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களங்களையும் உள்ளடக்கியது. சிலப்பதிகாரம் காட்டும் திரிந்த நிலம் என்னும் எண்ணத்தோடு இவற்றை இணைத்து நோக்க இடமுண்டு.

முதற்பொருள்: படம் எடுக்கும் பொழுது

பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். பயண நிழற்படக் கலையின் பொதுவிதியோ நண்பகலைத் தவிர்க்கச் சொல்கிறது. கதிரவன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் நிழல் நீளும், மணலின் மடிப்புகள் தெளிவாகும், வண்ணம் கனியும். கிந்தாவின் மணல்மேடுகளும் இவ்வாறே பொன்னிறத்தில் காட்டப்படுகின்றன. அங்கு வேலை செய்தவர்களோ நண்பகலிலும் அங்கேதான் இருந்தனர். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கினாலும், பால் எடுப்பதும் நிறுப்பதும் வெயில் ஏறிய பின்னரே முடிந்தன. வெம்மையை நீக்கிவிட்டு மணலை மட்டும் காட்டும் படம், நிலத்தின் வடிவைத் தருகிறது. அதன் கொடுமையை மறைக்கிறது. பொழுதைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு வரலாற்று நிலைப்பாடு அடங்கியுள்ளது.

கருப்பொருள்: எஞ்சியவை எவை?

கைவிடப்பட்ட தோட்டத்தில் எஞ்சுவன எவை என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். லயம் இடிந்த பின்னும் அதன் பின்புறத்தே முருங்கை நிற்கும். கறிவேப்பிலையும் வாழைக்குலமும் நிற்கும். கோயில் இருந்த இடத்தில் செம்பருத்தியும் வேம்பும் காணப்படும். இவை தாமாக முளைத்த காட்டுச் செடிகள் அல்ல. ஒரு வீட்டார் சமையலுக்கும் பூசைக்கும் நட்டு வளர்த்தவை. அங்குப் பழகியவர் ஒரு முருங்கை மரத்தைக் கண்டதும் வீட்டின் எல்லையை அறிவார். பெரட்டுக் களத்தின் சமதரையும், ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தளமும், கிணற்றின் சுற்றுச்சுவரும் அவ்வாறே பேசுபவை. ஆனால், இடிபாட்டின் அழகை நாடும் படங்களில் செடிகொடிகள் அனைத்தும் மனிதனை வென்ற இயற்கை என்னும் ஒரே பொருளைப் பெறுகின்றன. காடு எது, கொல்லை எது என்னும் வேறுபாடு அங்கு அழிந்துபோகிறது.

கெல்லி மாளிகை இதற்குத் தக்க சான்று. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் இதனைக் கட்டத் தொடங்கினார். 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்ததும் பணி நின்றது. இன்று மாளிகையைப் படமெடுப்போர் அதனைப் பேய் உலவும் இடமாகவும் தனிமையின் சின்னமாகவும் காட்ட விரும்புகின்றனர். ஆனால், கட்டுமானத்தில் ஈடுபட்ட தமிழ்த் தொழிலாளர் பலர் ஸ்பானியக் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்களது வேண்டுகோளுக்கிணங்க எழுந்த மாரியம்மன் கோயில் மாளிகையிலிருந்து சற்றுத் தொலைவிலேயே உள்ளது. அக்கோயிலின் மேற்புறத்தில், தெய்வ உருவங்களோடு ஸ்மித்தின் உருவமும் இடம்பெற்றுள்ளது. தொழிலாளர் தம் முதலாளியின் உருவத்தைத் தம் கோயிலில் வைத்தனர். அம்முதலாளியின் மாளிகையைப் படமெடுப்பவர்களோ அத்தொழிலாளரைப் படச்சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுகின்றனர்.

ஆள் இருந்தால் போதுமா?

அவ்வாறெனில் ஒவ்வொரு படத்திலும் ஒரு மனிதரை நிறுத்திவிட்டால் குறை தீருமா? தீராது என்பதை நிழற்பட வரலாறே உணர்த்துகிறது. 1849 முதல் 1851 வரை எகிப்தில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரரான மாக்சிம் டு காம், தம் படங்களில் நூபியப் படகோட்டி ஒருவரைச் சிலைகளின் அருகே நிறுத்தினார். சிலையின் உயரத்தைக் காட்ட ஓர் அளவுகோல் அவருக்குத் தேவைப்பட்டது. மலாயாவின் சுரங்கங்களையும் தோட்டங்களையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படமெடுத்த கிளைன்குரோத்தே போன்றோரின் தொகுப்புகளிலும் தொழிலாளர் உண்டு, பெயர் இல்லை. மரத்தின் பருமனுக்கும் சுரங்கத்தின் ஆழத்திற்கும் அவர்கள் அளவாக நின்றனர்.

இதற்கு மாறாக, 1946 முதல் அரேபியப் பெருமணல்வெளியைக் கடந்த வில்பிரட் தெசிகரின் படங்களில் வழித்துணைவர்கள் பின் கபீனா, பின் கபைஷா எனப் பெயரோடு அறியப்படுகின்றனர். 1959இல் வெளிவந்த அவரது பயணநூலைப் படித்தவர் பாலைவனத்தோடு அவ்விருவரையும் சேர்த்தே நினைவிற்கொள்கின்றனர். தெசிகரின் பார்வையிலும் பழமையைப் போற்றும் ஒருவகை ஏக்கம் உண்டு என்பது மறுப்பதற்கில்லை. எனினும், பெயர் கூறும் படத்திற்கும் அளவுகாட்டும் படத்திற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அவர் தெளிவாக்குகிறார்.

மறுபுறம், ஆள் தென்படாத படமும் நேர்மையானதாக இருத்தல் கூடும். 1867இல் திமோத்தி ஓ'சல்லிவன் நெவாடாவின் கார்சன் பாலைநிலத்தில் எடுத்த படத்தில், மணல்மேட்டின் நடுவே அவரது இருட்டறை வண்டியும் அதை இழுத்துவந்த விலங்குகளும் நிற்கின்றன. வண்டியிலிருந்து கேமராவை நோக்கிக் காலடித் தடங்கள் வருகின்றன. படமெடுத்தவர் தாம் அங்கு வந்ததை மறைக்கவில்லை. ஆகவே, ஆளின் உருவத்தை விட, ஆள் வந்ததற்கும் சென்றதற்கும் உரிய சுவடு படத்தில் பேணப்படுகிறதா என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா.

உரிப்பொருள்: காத்திருப்போர் இல்லாப் பிரிவு

பாலையின் உரிப்பொருள் பிரிவு. சங்கப் பாடல்களில் ஒருவர் செல்வார். மற்றவர் ஊரில் காத்திருப்பார். பாலை வெம்மையானதாயினும் அதன் இருபுறமும் ஊர் உண்டு. தோட்டப்புறப் பிரிவில் இவ்வமைப்பு சிதைந்துள்ளது. அங்கு ஊரே பெயர்ந்தது. திரும்பி வருவதற்கு வாயிலும் இல்லை, காத்திருப்போரும் இல்லை. 2015இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ திரைப்படம் பேராக்கைக் களமாகக் கொண்டு, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் அடுத்த கட்ட வாழ்வைக் காட்டியது. வெற்று லயத்தைக் காட்டும் படத்தின் மறுபாதி அதுவே. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பிரிவு எனும் உரிப்பொருள் முழுமை பெறும்.

இது கலைச்சுவை பற்றிய சிக்கல் மட்டுமன்று. தோட்டக் குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருப்பவை பெரும்பாலும் நகரத்து ஸ்டூடியோக்களில் தீட்டிய திரையின் முன் எடுத்த திருமணப் படங்களும் குழந்தைப் படங்களுமே. அவர்கள் வாழ்ந்த லயமும் களமும் அப்படங்களின் பின்னணியில் இல்லை. எனவே, நாளைய ஆய்வாளர் தோட்டத்தின் தோற்றத்தை அறிய விரும்பினால் பயணிகளின் படங்களையே நாட நேரிடும். கோயில், இடுகாடு, பள்ளி ஆகியவற்றின் நிலம் குறித்து வினா எழும்போதும் படங்கள் சான்றாகத் தேடப்படும். அப்போது கிடைப்பது ஆளற்ற, பெயரற்ற, நாளற்ற மாலைப்பொழுதின் அழகு மட்டுமே எனில், அங்கு எவரும் வாழ்ந்ததில்லை என்னும் வாதத்திற்கே அது துணைபோகும்.

முடிவுரை

பாலைத்திணை வழி நோக்கும்போது, கைவிடப்பட்ட நிலத்தின் படத்தை மூன்று வினாக்களால் மதிப்பிடலாம். இந்நிலம் எதிலிருந்து திரிந்தது என்பதைப் படமோ அதன் குறிப்போ கூறுகின்றதா? எஞ்சிய மரமும் தளமும் யாருடையவை என்பது புலப்படுகின்றதா? பிரிந்து சென்றோருக்கு அதில் இடம் உண்டா?

1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும், ஓ'சல்லிவன் போன்றோர் நூறாண்டுகளுக்கு முன் நின்ற அதே இடங்களில் நின்று மீண்டும் படமெடுத்தனர். இத்தகைய மீள்படப்பிடிப்பைப் பேராக்கிலும் மேற்கொள்ள இயலும். பழைய தொகுப்புகளில் உள்ள சுரங்கங்களும் தோட்டங்களும் அதற்கு மூலமாகும். படத்தோடு தோட்டத்தின் அலுவல் பெயரையும் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும், எடுத்த நாளையும் நேரத்தையும், கடைசிக் குடும்பம் வெளியேறிய ஆண்டையும் பதிவு செய்தல் வேண்டும். வெளியேறியவர்களை உடன் அழைத்துச் சென்று, எது யார் வீடு என்று கேட்டெழுதுதல் அதனினும் சிறந்தது. அம்முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும். நண்பகலிலும் ஒரு படம் எடுக்கப்பட வேண்டும்.