திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

தமிழ்நாட்டில் நடந்த தொடக்க கால சினிமா காட்சிகளே வெளிநாட்டுக் குறும்படக் காட்சிகள்தான். 1897இல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் எட்வர்ட்ஸ் என்ற ஐரோப்பியர் சில நிமிடங்களே ஓடும் துண்டுப் படங்களைக் காட்டினார். 1905இல், ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிக்கு வந்திருந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சிறு படத்தையும் வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். அந்தக் கூடாரம் பெஷாவர், லாகூர் வரைக்கும் போனது. பேசாப் பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, நடப்பதையெல்லாம் சத்தமாக விளக்கிச் சொல்லுவார். பிறமொழி எழுத்தட்டை வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவர்தான் படம். பேசும் படம் வந்ததும் அவர் வேலை போயிற்று.

இன்று இயக்குநரே நேரில் வந்து நிற்கும் குறும்பட விழாக்கள் நம்மிடம் பல இருக்கின்றன. ஆனால் அந்த விளக்கக்காரர் விட்டுப்போன இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. நம் விழாக்களின் பெரிய குறை பணமோ அரங்கமோ இல்லை, இதுதான் என்பது என் கட்சி.

நம் குறும்பட விழாக்களின் வரலாற்றில் மதுரையைத் தாண்டிப் போக முடியாது. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. தன் 'மறுபக்கம்' அமைப்பின் வழியாக 1998இல் தொடங்கிய மதுரை சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா பல ஆண்டுகள் டிசம்பர் 6 முதல் 10 வரை நடந்தது. அம்பேத்கர் நினைவு நாளும் பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளுமான தேதியில் தொடங்கி மனித உரிமை நாளில் முடிகிற கணக்கு. எந்தப் படங்களைக் காட்டப்போகிறோம் என்பதைத் தேதியே சொல்லிவிடும். கல்லூரி அரங்கு, சிறு கூடம், கிடைத்த இடம் எதுவானாலும் சரி என்று போன விழா அது. அமுதன் எடுத்த 'பீ' (2003) மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமராவோடு நடக்கும் படம். அவர் கூட்டுகிறார், அள்ளுகிறார், அதற்கிடையே பேசிக்கொண்டே போகிறார். பின்னணி இசை வந்து நம்மைக் காப்பாற்றாது. கேமராவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. படம் முடிந்து விளக்கு எரியும்போது, எடுத்தவர் எதிரே நிற்கிறார் என்றால் அரங்கத்தில் பேச்சு எங்கே போகும்? பார்க்கிறவர் தன் தெருவைப் பற்றியே கேட்க வேண்டிவரும். குறும்பட விழாவில் இயக்குநர் நேரில் வருவதன் பயன் அங்கேதான் இருக்கிறது. பூங்கொத்து, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் அதற்குப் பிறகு.

நம் கேள்வி நேரங்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. "என்ன கேமரா, எவ்வளவு செலவு, எத்தனை நாள் ஷூட்டிங்?" இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் வந்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்கு இதில் பங்கு உண்டு. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்களை அது கொடுத்தது, மறுக்க முடியாது. ஆனால் குறும்படம் என்றால் பெரிய படத்துக்கான நுழைவுச்சீட்டு என்ற எண்ணத்தையும் அதுவே ஊன்றியது. கேள்வி கேட்கிறவர்களில் பாதிப் பேர் நாளைக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள். வெறும் பார்வையாளர் என்று ஓர் இனம் அருகிவிட்டது. படத்தொகுப்பாளர் பி. லெனின் 'நாக் அவுட்' எடுத்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குறும்படத்துக்கு அப்படி ஒரு சந்தை இருக்கவில்லை. அதனாலேயே அது தன் காலில் நின்ற படமாக இருந்தது. 'நிழல்' ப. திருநாவுக்கரசு சிற்றூர்களில் நடத்திய பயிற்சிப் பட்டறைகளும், 'தமிழ் ஸ்டுடியோ' அருண் நடத்திய திரையிடல்களும், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) உலகத் திரைப்பட விழாக்களும் பார்வையாளரை மீட்கும் முயற்சிகள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தில் 2015இல் அனோமா ராஜகருணா தொடங்கிய சர்வதேச சினிமா விழாவுக்கு வேறு பாரம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே அரங்கில் உட்கார வேண்டிய ஊர் அது. போருக்குப் பிந்தைய நகரத்தில் யார் எடுத்த படத்தை யார் முன்னால் காட்டுகிறோம் என்பதே ஒரு கேள்வியாகிவிடுகிறது.

ஐரோப்பாவிலும் குறும்பட விழா தலைநகரங்களுக்கு வெளியே இருந்தவர்கள் செய்த வேலைதான். ஜெர்மனியின் நிலக்கரித் தொழில் நகரமான ஓபர்ஹவுசனில் 1954இல் தொடங்கிய குறும்பட விழாவில்தான், 1962இல் 26 பேர் கையெழுத்திட்டுப் பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிக்கை விட்டார்கள். பிரான்ஸின் கிளர்மோன் ஃபெரானில் 1979இல் பல்கலைக்கழக மாணவர்களின் சினிமா வட்டம் ஒரு குறும்பட வாரமாக ஆரம்பித்த விழா இன்று ஊரின் மக்கள்தொகைக்கு இணையான நுழைவுகளைக் காண்கிறது. டயர் கம்பெனிக்குப் பேர்போன ஊர் அது. பாரிஸ் இல்லை.

அப்படியானால் நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் ஏன் முடியாது? 2011 கணக்கெடுப்பில் சுமார் 27 ஆயிரம் பேர் வாழ்ந்த பேரூர். 2009இல் தொடங்கிய ஆரோவில் திரைப்பட விழா இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் நடக்கிறது. உலகப் படங்களோடு சுற்றுவட்டாரத்தில் எடுத்த படங்களையும் சேர்த்துக் காட்டும் விழா. வெளிநாட்டு இயக்குநர் கடற்கரைப் பக்கம் வரைக்கும் வந்துவிடுகிறார். திண்டிவனம் தாண்டி உள்ளே அழைத்து வருவதுதான் பாக்கி.

படத்துக்கும் செஞ்சிக்கும் உறவு புதிதில்லை. எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' (1960) எல்லாருக்கும் தெரியும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் திரௌபதி அம்மன் விழாக்களைப் பற்றி எண்பதுகளில் எடுத்த ஆவணப்படம். செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் மூல இடமாக வைத்து அவர் எழுதிய நூல் 1988இல் வந்தது. ஒளிப்பதிவாளர் சசிகாந்த் அனந்தாச்சாரியின் 'கேளாய் திரௌபதாய்' என்ற ஆவணப்படமும் இதே வடதமிழ்நாட்டுப் பாரதக் கூத்து மரபைத்தான் பின்தொடர்கிறது. தங்கள் ஊர்த் திருவிழாவை இன்னொருவர் எடுத்த படம் தங்கள் ஊர்த் திடலிலேயே ஓடினால், இயக்குநருக்குக் கேமரா பற்றிய கேள்வி வராது. "தீமிதியை ஏன் பாதியில் வெட்டினாய்?" என்றுதான் வரும்.

காட்சிக்குச் செஞ்சிக் கோட்டையைக் கேட்காதீர்கள். 2025 ஜூலையில் மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து எல்லார் கண்ணும் கோட்டையின் ராஜகிரி மலை மேல். பட்டியலிலுள்ள 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். பெருமைதான். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், மாலையில் கதவு சாத்திவிடுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைப் பின்னணியாக வைத்து நடத்தினால் வந்தவர்கள் கோட்டையைப் படம் பிடிப்பார்கள், திரையைப் பார்க்கமாட்டார்கள். கூத்துக் களமோ பள்ளி மைதானமோ கல்யாண மண்டபமோ போதும்.

சட்டம் மட்டும் குறுக்கே நிற்கும். சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுவில் காட்ட 1952ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. விழாக்களுக்கு மத்திய அரசு விலக்கு தரலாம், ஆனால் பதிவு செய்துகொண்ட பிரதிநிதிகளுக்குத்தான் காட்டலாம். கழுத்தில் தொங்கும் அட்டைக்குக் காரணம் இதுதான். 2004ஆம் ஆண்டின் மும்பை ஆவணப்பட விழா இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று கேட்டபோது இயக்குநர்கள் திரண்டு எதிர்த்தார்கள். நிபந்தனை போனது. ஆனால் குஜராத் கலவரம் குறித்த ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' உள்ளிட்ட பல படங்கள் தேர்வில் கழன்றுபோயின. 'விகல்ப்' என்ற பெயரில் பக்கத்திலேயே மாற்று விழா நடத்தி அவற்றைக் காட்டினார்கள். 2017இல் திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு வந்த மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. தற்கொலை செய்துகொண்ட தலித் மாணவர் ரோஹித் வெமுலா, காஷ்மீர், ஜேஎன்யு மாணவர் போராட்டம்: மூன்றின் பொருளையும் சொன்னாலே காரணம் புரிந்துவிடும். திடலோரம் டீ குடித்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறவரை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? சிற்றூரில் நடத்துகிறவர் இதற்கு வழி கண்டுகொண்டுதான் இறங்க வேண்டும். சான்றிதழ் உள்ள படங்களைத் திடலில் போடலாம், மற்றவற்றைப் பெயர் பதிந்து மண்டபத்துக்குள் காட்டலாம்.

மீதி எல்லாம் சின்ன வேலைகள். ஏழு மணிக்கு முன்னால் திரை வெளுத்துத் தெரியும். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், குறும்படங்களில் பாதி முணுமுணுப்பு. ஜெனரேட்டர் திரையிலிருந்து தள்ளி நிற்கட்டும். பத்து நிமிடப் படங்கள் எட்டு போதும், ஒவ்வொன்றுக்கும் பிறகு பேச நேரம் வேண்டும்.

பெரிய வேலை தமிழ். நம் விழாக்களில் ஈரானியப் படமும் போலந்துப் படமும் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டிலோடுதான் ஓடுகின்றன. கால் மணி நேரப் படத்தில் பேச்சு பெரும்பாலும் குறைவுதான். இயக்குநரிடம் நேரம் குறித்த கோப்பைக் கேட்டு வாங்கினால், கல்லூரி மாணவர் ஒருவர் ஓர் இரவில் தமிழாக்கிவிடலாம். தமிழ் வரி நீளும், சுருக்கத் தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் படம் புரிய வேண்டும் என்றால் ஒலிவாங்கியோடு ஓர் ஆள் தேவை. அதற்குத் தெருக்கூத்தின் கட்டியங்காரனைவிடப் பொருத்தமானவர் யார்? கூத்தில் அவன் ராஜாவையும் கிண்டல் செய்வான், கூட்டத்துக்கும் பதில் சொல்வான், கதையையும் விடமாட்டான். பிரான்ஸிலிருந்து வந்த இயக்குநருக்கும் செஞ்சிக்காரருக்கும் இடையில் நிற்க அந்தப் பயிற்சி போதும்.

விழா நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வரவேற்பு வளைவுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைத் தமிழ் சப்டைட்டிலுக்கும் ஒரு நல்ல கூத்துக் கலைஞருக்கும் கொடுங்கள்.