உரையும் வரைபும்

வாசிப்பு என்பது எழுத்தை வாசித்தலே எனக் கொண்டிருந்த காலம் கழிந்தது. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பு 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய 'பீசா' என்னும் பன்னாட்டுச் சோதனை, தொடர்ந்து செல்லும் உரையோடு அட்டவணை, வரைபு ஆகியவற்றையும் வாசித்தற்குரியனவாகக் கொண்டது. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. பரீட்சையும் 2016 இல் திருத்தியமைக்கப்பட்டபோது வாசிப்புப் பகுதியில் வரைபுகளைச் சேர்த்தது. இச்சேர்க்கை உண்மையான இணைப்பா, வெறும் ஒட்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பீசாவின் 2000 ஆம் ஆண்டு வினாக்களுள் ஆபிரிக்காவின் சாட் ஏரி பற்றியவை பெயர்பெற்றவை. ஒரு வரைபு ஏரியின் ஆழம் காலந்தோறும் மாறியமையைக் காட்டும். மற்றொரு படம் சகாராப் பாறை ஓவியங்களில் எவ்விலங்குகள் எக்காலத்தில் இடம்பெற்றன என்பதைக் காட்டும். உடன் ஒரு சிற்றுரையும் உண்டு. வரைபு ஏறத்தாழ கி.மு. 11000 இல் தொடங்குகிறது. அக்காலத்தைத் தொடக்கமாகக் கொண்டது ஏன் என்பது ஒரு வினா. கோட்டினை எத்துணை நேரம் நோக்கினும் விடை கிட்டாது. கி.மு. 20000 அளவில் முற்றாக மறைந்த ஏரி, கி.மு. 11000 அளவில் மீளத் தோன்றிற்று என உரை கூறுகிறது. அதனை வரைபின் தொடக்கத்தோடு பொருத்துபவனே விடை காண்பான். காண்டாமிருகம், நீர்யானை முதலியன ஓவியங்களினின்று மறைந்த காலத்தைக் கேட்கும் வினாவோ, இரு படங்களின் ஒப்பீட்டோடு அமைந்துவிடுகிறது. உரைக்கு அங்கு வேலை சிறிதே. முன்னையது இணைப்பு, பின்னையது ஒட்டுக்கு அண்மையது.

இவ்வளவுகோல் கொண்டு தலவாக்கலைப் பிள்ளைகளுக்கு வினா அமைப்போர் சாட் ஏரிவரை செல்லவேண்டுவதில்லை. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இவ்வூரிலேயே உள்ளது. இவ்வூர் அடங்கிய டிம்புலைப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும், கொழுந்தும் குறையும். இவ்விரண்டையும் காட்டும் வரைபை மட்டும் நோக்கும் மாணவன், அவை நலிந்த மாதங்கள் என முடிவுகட்டுவான். வறண்ட குளிரில் கொழுந்து மெல்ல வளர்தலால் மணம் செறிந்து, ஆண்டின் சிறந்த தேயிலை அப்போதே கிடைக்கிறது என்னும் உரையையும் சேர்த்து வாசிப்பவன் அம்முடிவைத் திருத்துவான். அத்தேயிலையின் உயர்வு, நிறை குறைந்த கொழுந்தோடு திரும்பும் தாயின் கூலியிலும் சேருமோ என்று அவன் மேலும் வினவுவானாயின், வாசிப்பு முழுமை எய்தும்.

தமிழாசிரியர் கிரகித்தலையும் கணித ஆசிரியர் வரைபையும் தனித்தனியே கற்பித்து அமைந்துவிடின், இவ்விணைப்பைக் கற்பிப்பார் ஒருவரும் இலராவர். கற்பியாததனைச் சோதித்தல் முறையன்று.