பூட்டும் உடலும்: காரைக்காலிலிருந்து சில குறிப்புகள்

ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது காரைக்கால்காரர்கள் மாடிகளில் நின்று மாம்பழம் இறைப்பார்கள். இப்போது ஒரு கையில் பழம், மறு கையில் செல்போன். சில வருஷங்களுக்கு முன் எனக்குத் தங்கை முறையாகும் பெண்ணொருத்தி பழம் எறிந்ததை எதிர்மாடிப் பையன் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். சாயங்காலத்துக்குள் அது பாரிஸில் இருக்கும் அவளுடைய மாமாவின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. உடனே அங்கிருந்து போன்: 'வயசுப் பொண்ண இப்படித்தான் மாடியில நிக்க விடுவிங்களா?' அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 'நாந்தான் எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கேனே அண்ணே, அப்புறம் எப்படி?'

இந்தக் கேள்வியை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

1

2016 ஜூனில் சேலம் பக்கத்தில், உருமாற்றப்பட்ட தன் படங்கள் ஃபேஸ்புக்கில் வந்ததால் ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். புகார் கொடுத்தும் போலீஸ் தாமதித்தது. 2017 ஜூனில் முகப்புப் படத்துக்கான 'காவல்' வசதியை ஃபேஸ்புக் இந்தியாவில் கொண்டுவந்தது. படத்தைச் சுற்றி நீலக்கோடு, கீழே ஒரு கேடயம். மற்றவர்கள் அதை இறக்கிக்கொள்ளவோ பகிரவோ முடியாது. 2020 மே மாதம் பக்கம் முழுவதையும் பூட்டும் வசதி வந்தது. இது அதனால் நடந்தது என்று சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் சாவி பெண்ணின் கையில் தரப்படுகிறது. கூடவே பொறுப்பும்.

இந்தப் பூட்டு அவளுடைய பக்கத்துக்கு மட்டும்தான். அவளை 'டேக்' செய்தால், அவள் ஒப்புக்கொள்ளாதவரை அது அவள் பக்கத்தில் வராதபடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் போட்டவன் பக்கத்தில் அது அப்படியேதான் இருக்கும். இன்னொரு போனால் திரையையே படமெடுத்தால் கேடயம் என்ன பண்ணும்? தவிரவும் 'நண்பர்கள் மட்டும்' என்ற ஏற்பாடு அந்நியனைக் கண்டு பயப்படுவது. காரைக்கால் மாதிரி ஊரில் கண்காணிப்பவன் அந்நியன் இல்லை. சித்தப்பா, அத்தை மகன், அக்கா வீட்டுக்காரர் என்று நண்பர் பட்டியலில் முதலில் ஏறி உட்காருபவர்களே அவர்கள்தான். சேர்க்காவிட்டால் 'எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?' என்பார்கள். ஃபூக்கோ பேசிய சிறையில் நடுவில் கோபுரமாவது உண்டு. இங்கே ஒவ்வொரு மாடியும் கோபுரம்.

2

சட்டம் என்ன சொல்கிறது? 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354சி பிரிவும், அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் செய்கின்றன: படமெடுக்கச் சம்மதித்தது, அதைப் பரப்பச் சம்மதித்தது ஆகாது. ஆனால் அவை பேசுவது அந்தரங்கச் செயல்களைப் பற்றி. மாம்பழம் எறிவது அந்தக் கணக்கில் வராது.

பிரான்சில் 1970 முதல் குடிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தனிவாழ்க்கைக்கு மதிப்புத் தருகிறது. ஒருவருடைய படத்தின் மீது அவருக்கே உரிமை உண்டென்று அங்கே நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்திருக்கின்றன. 1954இல் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து போனது. மாமாவிடம் பிரெஞ்சுக் குடியுரிமை தங்கியது. தன் முகம் தனக்கே சொந்தம் என்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் இவள் முகத்துக்குக் கணக்குக் கேட்டார். எல்லை தாண்டி வந்தது உரிமை அல்ல, அதட்டல்.

3

இந்த ஊரின் பெயரைச் சுமந்த பெண்ணுக்கு வருவோம். சேக்கிழாரின் கதையாடலில் புனிதவதி, கணவனுக்காகத் தாங்கிய அழகுடல் அவனுக்கு வேண்டாததானபோது, அதைக் கழற்றிவிட்டுப் பேய்வடிவம் கேட்கிறாள். இதைத் துறவு என்றே வாசித்துப் பழகியிருக்கிறோம். உடலுக்குச் சொந்தக்காரன் வேறொருவன் என்பதால் உடலையே இழந்துதான் விடுபட முடிந்தது என்றும் வாசிக்கலாம். இன்றைய பூட்டும் அதையே சொல்கிறது: பார்க்கப்பட விருப்பமில்லையா, நீ மறைந்துகொள். ரோஜாப்பூ, பிள்ளையார், அக்கா குழந்தை என்று நம் பெண்களின் முகப்புப் படங்களைப் பாருங்கள். பார்ப்பவனிடம் மட்டும் கேள்வி இல்லை.

ஆனால் அம்மையார் தன் பதிகத்தில் ஒளிந்துகொள்ளவில்லை. 'காரைக்கால் பேய்' என்று பகிரங்கமாகக் கையெழுத்திடுகிறார். யாருக்கும் உடைமையாகாத ஒரு வடிவில், தன் ஊர்ப் பெயரோடு, எல்லோர் முன்னும் நிற்கிறார். சேக்கிழாரின் புனிதவதிக்கும் இந்தப் பேய்க்கும் உள்ள இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அரசைப் பார்த்து எழுப்பிய சுவர், அது வேண்டும். பூட்டும் இருக்கட்டும். ஆனால் பூட்டைப் பற்றி மட்டுமே பேசுகிற பேச்சு, படத்தை அனுப்பிய விரல்களைப் பேசாமல் விட்டுவிடுகிறது.

அந்த விரல்களில் என்னுடையதும் சேர்த்தி. அன்று குடும்பக் குழுவில் அந்தப் படம் எனக்கும் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். 'அவளைக் கேட்டீங்களா, எடுத்துடுங்க' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அடுத்த வருஷம் பிச்சாடனர் வந்தபோது அந்த மாடியில் அவள் இல்லை.