மட்டக்களப்புக் கோட்டையை எப்படி ரசிப்பது?

காலிக் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மட்டக்களப்புக் கோட்டை சிறியதாகத்தான் தெரியும். நான்கு மூலைகளில் கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி, உள்ளே பிற்காலத்து அலுவலகக் கட்டடங்கள் என்று அரை மணித்தியாலத்தில் சுற்றிவிடலாம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கமிருந்து சுற்றுலா போகிறவர்கள் வாசலில் படம் எடுத்துக்கொண்டு "இவ்வளவுதானா?" என்று திரும்பினால், அவர்கள் பார்க்கத் தொடங்கிய இடம்தான் பிழை. கோட்டை ஒரு பூட்டு. அது எந்த வீட்டைப் பூட்டியது, யாரை வெளியே நிறுத்தியது என்று தெரியாமல் பூட்டின் பெறுமதி விளங்காது. இந்தப் பூட்டு பூட்ட நினைத்த வீடு நமது கிழக்குக் கரை. ஆகவே ஒருநாள் பயணத்தின் ரசனை கல்முனையிலேயே தொடங்கவேண்டும்.

புறப்படுமுன் சில ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குக் கரை போர்த்துக்கேயர் வசம் இருந்தது. கண்டி இராச்சியத்துக்குக் கடலைத் தொட மிஞ்சிய வாசல் கிழக்கு. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கித்தான் கண்டி அரசரைக் காணச் சென்றார். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட ஊர்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். நாலாயிரம் பேர்வரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தப்பட்டதாகப் போர்த்துக்கேயர் பக்கப் பதிவே சொல்கிறது. 1628இல் அதே போர்த்துக்கேயர் மட்டக்களப்பு வாவியிலுள்ள புளியந்தீவில் கோட்டையை எழுப்பினார்கள். கண்டியின் கடல்வாசலை அடைப்பதே அவர்களின் நோக்கம். துரத்தப்பட்டவர்கள் புகலிடம் கண்டு இரண்டு வருடத்துக்குள், துரத்தியவர்களின் பீரங்கியும் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. முஸ்லிம்கள் இக்கரையில் அதற்கு முன்பும் வாழ்ந்தார்கள்; 1626 அந்த வாழ்வில் ஒரு பெரிய திருப்பம்.

இந்த வரிசை மனத்தில் இருந்தால், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வீதி வெறும் போக்குவரத்தாக இராது. வழிகாட்டி பேச்சைக் கோட்டை வாசலுக்கென்று சேமித்து வைக்காமல், கல்லாற்றுப் பாலத்திலேயே வாகனத்தை நிறுத்தவேண்டும். வாவி கடலைத் தொடும் இடங்களில் ஒன்று இது. ஒரு பக்கம் கடலோர எழுவான்கரை ஊர்கள், மறுபக்கம் வாவிக்கு அப்பால் படுவான்கரையின் வயல்கள். 56 கிலோமீற்றர் நீண்டு தெற்கே கல்முனை வரை வரும் இந்த நீர், வயலையும் கடலையும் ஒரே தோணிப் பாதையில் இணைத்தது. களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி தாண்டிக் காத்தான்குடியில் இறங்கினால் பூர்வீக நூதனசாலையில் முஸ்லிம்களின் வரலாற்றைப் பார்க்கலாம். பிறகு கல்லடிப் பாலம் கடந்ததும், புளியந்தீவுக்குள் போகுமுன் எதிர்க்கரையில் நின்று கோட்டையைப் பாருங்கள். கடல்முகத்தில் கட்டாமல் வாவிக்குள் ஏன் கட்டினார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். முகத்துவாரத்தை மணல்திட்டு மறிக்கிறது. பெருங்கப்பல் உள்ளே வராது. சிறு தோணிகளோ தீவைக் கடந்தே போகவேண்டும். 1638இல் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், பீரங்கிகளைக் கரையில் இறக்கித்தான் கோட்டையைத் தாக்கினார்கள் என்பது இதற்குச் சான்று.

வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையைக் காணும்போது 1638 மே மாதத்தை நினைவுகூருங்கள். 18ஆம் திகதி கோட்டை வீழ்ந்தது. 23ஆம் திகதி கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனும் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தார்கள். கைப்பற்றும் கோட்டைகளில் மன்னர் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்ற நிபந்தனை மன்னரிடம் இருந்த பிரதியில் இருந்தது, ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. கண்டிக்கு நண்பனாக வந்தவர் எசமானான கதையின் முதல் பக்கம் இங்கே எழுதப்பட்டது. காலியின் மதில்களை ஒல்லாந்தர் பிடிப்பதற்கு இரண்டு வருடம் முந்திய நிகழ்ச்சி இது.

காலிதானே அழகு, யுனெஸ்கோவே அதை 1988இல் உலக மரபுரிமையாக ஏற்றதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், மதிலுக்குள் ஒரு நகரமே உயிரோடிருப்பது காலியின் சிறப்பு. மட்டக்களப்பில் நகரமும் கதையும் மதிலுக்கு வெளியே பரந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது நியாயமில்லை. அடக்க வந்தவன் கட்டியதை நாம் ஏன் ரசிக்கவேண்டும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆனால் ரசிப்பது கட்டியவனைப் புகழ்வதாகாது. போர்த்துக்கேயர் பத்து வருடத்தில் போனார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள், அவர்களும் போனார்கள். காத்தான்குடியும் மருதமுனையும் கல்முனையும் தமிழ் ஊர்களோடு தோளுரசி நிலைத்து நிற்கின்றன. எது நிலைத்தது என்பதை அந்த மதிலின் மேல் நின்று பார்ப்பதும் ரசனைதான்.

அத்தோடு இது பிறர் கோட்டையாக மட்டும் இருந்ததுமில்லை. அதற்குள் இயங்கிய கச்சேரியே, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கல்முனைக்கும் கச்சேரி. கல்முனைப் பாடசாலைகள் பிள்ளைகளைக் காலிக்கு அழைத்துச் செல்லட்டும். அதற்கு முன் இங்கே கூட்டி வரட்டும். காலையில் புறப்பட்டு, மார்கழி மழையைத் தவிர்த்து, உள்ளே அனுமதிக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் ஒரு நாள் போதும். தன் ஊரின் வரலாற்றைக் கோட்டையோடு சேர்த்துப் படித்த பிள்ளை, பிறகு எந்த நாட்டுக் கோட்டைக்குப் போனாலும் இது யாரைத் தடுக்கக் கட்டப்பட்டது என்று முதலில் கேட்கும்.